ஸ்டார் ரேட்டிங்கா, வர்ணனையா, வீரரின் உடம்பா? மலையிலிருந்து பல வருட ரெஸ்லிங் பார்த்த அனுபவம்

2025 டிசம்பர் 13 அன்று வாஷிங்டனில் ஜான் சீனா கடைசி மேட்ச் ஆடினார். நமக்கு அது ஞாயிறு விடிகாலை. எதிராளி கன்தரின் பிடியில் மாட்டி, லேசாகச் சிரித்துவிட்டு, டேப் அவுட் செய்தார். பல வருடமாக "விட்டுக்கொடுக்காதே" என்ற வாசகத்தைச் சட்டையில் போட்டுக்கொண்டு வந்தவர் கையைத் தட்டி விட்டுக்கொடுத்ததும் அரங்கமே கூச்சல் போட்டது. ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பது என்று முன்பே எழுதிவைப்பார்கள். சீனாவுக்கு அப்படி ஒரு முடிவு எழுதியது சரியா என்ற சண்டை கோத்தகிரி, குன்னூர் பக்கம் ரெஸ்லிங் பார்க்கிறவர்கள் நடுவில் இன்னும் ஓயவில்லை. ஒரு கட்சி "அவரை அசிங்கப்படுத்திவிட்டார்கள்" என்கிறது. இன்னொரு கட்சி "போகிறவன் இருக்கிறவனைத் தூக்கிவிட்டுத்தான் போகணும், அதுதான் இந்தத் தொழிலோட மரபு" என்கிறது. இரண்டு கட்சியும் ஆதாரத்துக்கு எடுத்து வீசுவது இரண்டே விஷயம். ஒன்று, யாரோ ஒரு விமர்சகர் போட்ட ஸ்டார். மற்றொன்று, வர்ணனையாளர் தொண்டை கிழியச் சொன்ன ஒரு வரி.

இந்த இரண்டையும் பல வருடமாகப் பயன்படுத்திப் பார்த்ததில் எது எதற்கு உதவும், எங்கே காலை வாரும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். வயதான வீரர்கள் விஷயத்தில் இரண்டுமே பாதி வழியில் விட்டுவிடும் என்பது எங்கள் முடிவு. மீதிப் பாதியை நம் கண்ணால்தான் பார்க்க வேண்டும். எதைப் பார்ப்பது என்று தெரிந்தால் போதும், அது ஒன்றும் கஷ்டமில்லை.

முதலில் ஸ்டார். டேவ் மெல்ட்சர் 1980களின் தொடக்கத்திலிருந்து 'ரெஸ்லிங் அப்சர்வர்' செய்திமடலை நடத்துகிறார். கால் கால் ஸ்டாராக ஏறி 5 வரை போகும் கணக்கு அது. 2017 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் கென்னி ஒமேகாவும் ஒகாடாவும் ஆடிய மேட்சுக்கு 6 கொடுத்தார். 2018 ஜூனில் ஒசாகாவில் அதே இருவர் மூன்று சுற்றில் இரண்டை ஜெயிக்க வேண்டும் என்ற விதியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடியதற்கு 7. அன்றிலிருந்து அந்த அளவுகோலே விவாதப் பொருளாகிவிட்டது. ஜிம் கார்னெட் மாதிரிப் பழைய பாணிக்காரர்கள் ஒமேகா பாணியை ஒத்துக்கொள்வதே இல்லை. அடி நிஜம் போலத் தெரியவில்லை, இருவர் சேர்ந்து செய்யும் ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரி இருக்கிறது என்பது அவர் கட்சி.

90களில் நம் ஊர்ப் பிள்ளைகள் கையில் இருந்த ட்ரம்ப் கார்டு நினைவிருக்கும். உயரம், எடை, மார்பளவு, ரேங்க் எல்லாம் எண்ணாகப் போட்டிருக்கும், பெரிய எண் ஜெயிக்கும். ஸ்டாரையும் அப்படித்தான் பலர் வீசுகிறார்கள், தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. மெல்ட்சரின் கணக்கில் வேகம், இடைவிடாத உழைப்பு, கூட்டத்தின் சத்தம் இவற்றுக்கு எடை அதிகம். புதிதாக ஒரு ஜப்பான் மேட்ச் தேடுகிறீர்கள், எது பார்க்கத் தகுந்தது என்று தெரியவில்லை என்றால் அவர் ரேட்டிங் அருமையான வழிகாட்டி. 4.5க்கு மேல் போட்டிருந்தால் நேரம் வீணாகாது. 4.25க்கும் 4.5க்கும் நடுவில் தகராறு செய்வதில் மட்டும் ஒரு பயனும் இல்லை.

அதே கணக்கு உடம்பு ஓய்ந்தவரிடம் வந்தால் உடைந்துவிடும். 1987 மார்ச் 29, வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் மூன்றாவது பதிப்பு. ஹல்க் ஹோகனும் ஆந்த்ரே தி ஜயன்ட்டும். மெல்ட்சர் போட்டது மைனஸ் 4. அதே மேடையில் ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் ஆடியதற்கு நாலரை. எண்ணை மட்டும் பார்த்தால் ஹோகன்-ஆந்த்ரே தள்ளிவிட வேண்டிய குப்பை. ஆனால் அதைக் கவனமாகப் பாருங்கள். ஆந்த்ரேவுக்கு வயது 40தான். அசுர வளர்ச்சி நோய் உடம்பைத் தின்றுகொண்டிருந்தது, முதுகில் அறுவை சிகிச்சை ஆகி, உடைக்குள்ளே பட்டை கட்டியிருந்தார். அவரால் ஓட முடியாது, விழுந்தால் எழ நேரமாகும். ஆகவே மேட்சையே அதற்கு ஏற்ற மாதிரிக் கட்டினார்கள். தொடக்கத்திலேயே ஹோகன் தூக்கப் பார்த்து முடியாமல் அடியில் விழுகிறார். அங்கே "இவனைத் தூக்க முடியுமா" என்ற கேள்வி நட்டாகிவிட்டது. பிறகு ஆந்த்ரே நின்ற இடத்திலேயே நின்று கரடிப்பிடி போடுகிறார். அது நீண்டுகொண்டே போகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை, உண்மையில் அது ஆந்த்ரே மூச்சு வாங்கும் நேரம். கடைசியில் ஒரே ஒரு தூக்கல், காலை மேலே போடும் ஒரு லெக் டிராப், முடிந்தது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஆந்த்ரே உடம்பு தாங்கக்கூடியது எவ்வளவோ அவ்வளவுதான் கேட்டார்கள். கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. மைனஸ் 4 என்பது இதில் எதையும் சொல்லாது.

அடுத்து வர்ணனை. இதில் நம் ஆட்களிடம் ஒரு பெரிய மயக்கம் உண்டு. ஜிம் ராஸ் கத்தினால் அது பெரிய மேட்ச், மைக்கேல் கோல் பேசினால் அது சாதாரண மேட்ச் என்று. 1998 ஜூனில் அண்டர்டேக்கர் மேன்கைண்டைக் கூண்டின் உச்சியிலிருந்து சுமார் 16 அடி கீழே வர்ணனையாளர் மேசைமேல் எறிந்தபோது ஜிம் ராஸ் போட்ட சத்தம் இன்றைக்கும் காதில் நிற்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கோலை மட்டம் தட்டுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். பல வருடம் டபிள்யூடபிள்யூஇ முதலாளி வின்ஸ் மக்மேன் ஹெட்செட் வழியாக அவர் காதிலேயே பேசிக்கொண்டிருந்தார். "பெல்ட்" என்று சொல்லக்கூடாது, "ரெஸ்லர்" கூடாது "சூப்பர்ஸ்டார்" என்று சொல், "ஹாஸ்பிடல்" கூடாது என்று ஒரு பட்டியலே இருந்தது. 2022 ஜூலையில் வின்ஸ் விலகிய பிறகு கோலின் குரல் தளர்ந்து இயல்பானதைத் தேதி போட்டே காட்டலாம். அதே வருடம் மே மாத நிகழ்ச்சி ஒன்றையும் அக்டோபர் மாத நிகழ்ச்சி ஒன்றையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். அதோடு 2012 செப்டம்பர் 10, மான்ட்ரியாலையும் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெர்ரி லாலருக்கு நேரலையில் மாரடைப்பு. கோல் வர்ணனையையே நிறுத்திவிட்டு, இது நிகழ்ச்சியின் பகுதியல்ல என்று அமைதியாகச் சொல்லி, கிடைத்த தகவலை மட்டும் அவ்வப்போது தந்தார். அவ்வளவு நிதானமாக வேறு யாரால் முடியும் என்று தெரியவில்லை.

சோனி 2021இல் தொடங்கிய டென் 4 சேனலில் தமிழ் வர்ணனையும் கேட்டிருக்கிறோம். வீட்டில் பெரியவர்களும் சின்னப் பிள்ளைகளும் சேர்ந்து பார்க்க அது நல்ல வசதி. யார் யாருக்குத் துரோகம் செய்தான், எதற்காக அடித்துக்கொள்கிறார்கள் என்ற கதை உடனே புரியும். குறை என்னவென்றால் வர்ணனைக்கு அடியில் அரங்கச் சத்தம் அமுங்கிவிடுகிறது. ரெஸ்லிங்கில் கூட்டம் பாதி மேட்ச். அது கேட்காவிட்டால் ஒரு அடி எடுபட்டதா இல்லையா என்றே தெரியாது.

வர்ணனையாளரின் வேலை வீரரைக் காப்பாற்றுவது. இதைப் புரிந்துகொண்டால் பல சண்டை குறையும். 2009 ஏப்ரலில் ஷான் மைக்கேல்ஸோடு ஆடியபோது அண்டர்டேக்கர் கயிற்றுக்கு மேலே பாய்ந்தார். கேமராமேன் வேடத்தில் நின்றவர் பிடிக்கத் தவறியதால் கழுத்து மடங்கத் தரையில் விழுந்தார். பார்த்தவர்களுக்கு உயிர் போய்விட்டது. ஆனால் வர்ணனை அதை, நடுவர் பத்து எண்ணுவதற்குள் ரிங்குக்குத் திரும்புவாரா என்ற கவுன்ட் அவுட் பதற்றமாக மாற்றிக் கதைக்குள் இழுத்துக்கொண்டது. அந்த மேட்ச் இன்றும் பலருக்கு ஆல் டைம் பெஸ்ட். ஆகவே வர்ணனையை வைத்து ஒருவர் நன்றாக ஆடினாரா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. சரியாக ஆடாததை மறைப்பதும் அவர்கள் சம்பளத்தில் அடக்கம்.

அதனால் எங்கள் பழக்கம் இது: வயதானவர் ஆடும் மேட்சை முதல் தடவை சத்தத்தோடு ரசித்துப் பார்ப்பது, இரண்டாம் தடவை மியூட் போட்டுப் பார்ப்பது. மியூட்டில் கண் போக வேண்டிய இடங்கள் உண்டு. முதலாவது, யார் விழுகிறார்கள். பம்ப் எடுக்கும்போது, அதாவது அடி வாங்கி விழும்போது, தாடையை மார்போடு ஒட்டி, முதுகு முழுக்கத் தட்டையாக, கையால் ரிங் தரையை அறைந்து விழ வேண்டும். தாடை மேலே போனால் பின்மண்டை அடிபடும். வயதானவர் தாடையை நேரத்துக்கு இழுக்கிறாரா என்று பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். இரண்டாவது, தாடையை இறுக்கும் சின்லாக் மாதிரி உட்கார்ந்த பிடிகள் எத்தனை, எவ்வளவு நேரம். அங்கே மூச்சும் வாங்குகிறார்கள், அடுத்து என்ன என்று வாயை எதிராளியின் தோளில் மறைத்துப் பேசியும் கொள்கிறார்கள். மூன்றாவது, நடுவர். அவர் காதில் கருவி இருக்கும், குனிந்து வீரரின் கையைப் பிடிப்பது போல விசாரிப்பார். தலைக்கு மேல் இரண்டு கையையும் எக்ஸ் மாதிரி வைத்தால் பொதுவாக நிஜக் காயம் என்று பொருள். கேமரா திடீரென்று கூட்டத்துக்கோ தூரக் காட்சிக்கோ தாவினாலும் ஏதோ பிசகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கண்ணோடு 2019 ஜூன் 7, ஜெட்டாவைப் பாருங்கள். அண்டர்டேக்கருக்கு 54, கோல்ட்பெர்க்குக்கு 52. திறந்தவெளி, வளைகுடா வெக்கை. கோல்ட்பெர்க் மூலைக் கம்பத்தில் தலையை மோதி நிலை தடுமாறினார். அதற்குப் பிறகு, எதிராளியைத் தலைகீழாகத் தூக்கி முதுகு படப் போடும் ஜாக்ஹாமருக்குத் தூக்கியபோது கை தாங்காமல் அண்டர்டேக்கர் தலைகுத்தாக இறங்கினார். சில அங்குலம் தப்பியிருந்தால் கழுத்து. "கிழவர்கள் ஏன் ஆடுகிறார்கள்" என்று அன்று எல்லோரும் திட்டினார்கள். எங்கள் பார்வையில் குற்றம் வயதுடையது இல்லை, மேட்சைக் கட்டியவர்களுடையது. அதே கோல்ட்பெர்க் 2016 நவம்பரில் பிராக் லெஸ்னரை 1 நிமிடம் 26 வினாடியில் முடித்தார். அடுத்த ஏப்ரலில் ரெஸில்மேனியாவில் அதே லெஸ்னரோடு ஐந்து நிமிடத்துக்குள் ஆடியதை எல்லோரும் கொண்டாடினார்கள். இரண்டிலும் எதிராளி இளையவர், பலசாலி, கோல்ட்பெர்க் தூக்க வேண்டியது ஓரிரு தடவைதான். ஜெட்டாவில் இரண்டு பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒருவர் தடுமாறினால் தாங்கிப்பிடிக்க இன்னொருவரால் முடியாது. பெரிய தப்பு அதுதான்.

சரியாகக் கட்டியதற்கு ஸ்டிங்கை மிஞ்ச ஆளில்லை. 2024 மார்ச் 3, கிரீன்ஸ்போரோ, வயது 64. டபிள்யூடபிள்யூஇயின் போட்டி நிறுவனமான ஏஇடபிள்யூவுக்கு வந்ததிலிருந்தே அவரைத் தனியாக ஆடவிடாமல் டார்பி ஆலினோடு ஜோடி போட்டே ஓட்டினார்கள். கடைசி மேட்சில் யங் பக்ஸ் என்ற ஜோடி எதிரே. ஏணியிலிருந்து கண்ணாடிமேல் பாய்ந்து முதுகு கிழிந்தது ஆலினுக்கு. அவர் வெளியே கிடந்த நேரத்தில் ஸ்டிங் இருவரையும் தனியாகச் சமாளிக்கும் கதை தானாக உருவானது. முடிவில் ஸ்கார்பியன் டெத்லாக், உட்கார்ந்து போடும் பிடி, முழங்காலுக்கு அதிர்வு குறைவு. அழுத கண்ணோடு பார்த்த மேட்ச் அது, சொல்ல வெட்கமில்லை. இதற்கு நேர் எதிர் ரிக் பிளேர். 2008இல் 59 வயதில் ஷான் மைக்கேல்ஸோடு ஆடி விடைபெற்றதைவிட அழகான முடிவு யாருக்கும் வாய்த்ததில்லை. பெரிய அடியெல்லாம் மைக்கேல்ஸ் தன் உடம்பில் வாங்கிக்கொண்டார். அதோடு நிறுத்தாமல் 2022 ஜூலை 31 அன்று நாஷ்வில்லில் 73 வயதில் மறுபடி ஏறினார். ஜோடியாக ஆடும் டேக் மேட்ச்தான், ஆனாலும் நீண்டுவிட்டது. உடம்பில் நீர்ச்சத்து வற்றி நடுவில் மயங்கியதாக அவரே பிறகு சொன்னார். ஜோடி இருந்தும் பாதுகாப்பு இல்லை, ஏனென்றால் முடிவில் அவரே நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

சீனா விஷயத்துக்கு இதே அளவுகோல். 2025 ஏப்ரலில் கோடி ரோட்ஸை வென்று 17ஆவது பட்டம் வாங்கிய மேட்ச் சப்பென்று இருந்தது. வில்லனாக மெதுவாக ஆடினார், வெளி ஆள் நுழைந்தார், கூட்டம் குளிர்ந்துவிட்டது. அக்டோபர் 11 அன்று பெர்த்தில் ஏஜே ஸ்டைல்ஸோடு ஆடியது வேறு ரகம். இருவருக்கும் 48. பழைய எதிரிகளின் முடிவு அடிகளை மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஒவ்வொன்றும் கூட்டத்துக்குத் தெரிந்தது என்பதால் சின்ன அசைவுக்கே பெரிய சத்தம் கிடைத்தது. உடம்புச் செலவு குறைவு, பலன் அதிகம். கடைசி டேப் அவுட்டும் எங்களுக்குச் சரியாகவே பட்டது. பல தடவை அந்தப் பிடியிலிருந்து தப்பி, பலம் தீர்ந்து, தானாக முடிவெடுத்தது போல ஆடினார். கோபப்பட்டவர்கள் பாதிப் பேர் கடைசி நிமிடத்தின் துண்டு வீடியோவை மட்டும் பார்த்தவர்கள்.

மலையில் முழு மேட்ச் பார்ப்பதே ஒரு வேலை, அதையும் சொல்லிவிடுகிறோம். 2025 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் டபிள்யூடபிள்யூஇ நெட்ஃபிளிக்ஸில். வாராந்திர நிகழ்ச்சியான ரா வழக்கமாகச் செவ்வாய் காலை 5.30, அமெரிக்காவில் நவம்பரில் கடிகாரத்தைத் திருப்பியதும் 6.30, மார்ச்சில் மறுபடி 5.30. ஹெச்டி என்றால் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும். ஒரு நாள் 2 ஜிபி பேக்கில் பாதி நிகழ்ச்சிகூட வராது. ஆப்பில் டேட்டா சேமிப்பு அமைப்பைப் போட்டால் ஓடும், ஆனால் முகபாவமும் தாடையும் மங்கிவிடும். மேலே சொன்ன மியூட் பார்வைக்குப் படத் தரம் 720க்குக் குறைந்தால் பயனில்லை. மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கரண்ட் போனால் ரூட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ் வைப்பது நல்லது, இன்வெர்ட்டர் வேண்டியதில்லை. நேரலை தவறினால் வாட்ஸ்அப்பைத் திறக்காமல் மேட்சைத் திறங்கள்.

இனி கவனிக்க வேண்டியவர் ராண்டி ஆர்ட்டன். 1980இல் பிறந்தவர், முதுகெலும்பு இணைப்பு அறுவை சிகிச்சை ஆகி, சுமார் ஒன்றரை வருட இடைவெளிக்குப் பிறகு 2023 நவம்பரில் திரும்பினார். எப்போதுமே மெதுவாக ஆடுகிறவர் என்பதால் வேகம் குறைந்தது வெளியே தெரியாது. எதிராளியின் காலைக் கயிற்றில் மாட்டி, தலையைத் தரையில் இறக்கும் டிடிடியில் அவருக்குச் சேதாரம் குறைவு. எதிராளியின் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுக்கும் ஆர்கேஓ அப்படியில்லை, ஒவ்வொரு தடவையும் அவரும் எதிராளியோடு சேர்ந்து முதுகு பட விழ வேண்டும். ஒரு மேட்சில் எத்தனை ஆர்கேஓ போடுகிறார், விழுந்த பிறகு எதிராளியை அமுக்கி எண்ணிக்கை வாங்க உருண்டு போக எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்பதைக் குறித்து வையுங்கள். இன்னும் எத்தனை வருடம் அவருக்கு இருக்கிறது என்ற விவாதத்துக்கு எந்த ஸ்டாரையும்விட அது நல்ல ஆதாரம்.