பச்சைக் காய்களை வேகவைக்க எந்த முறை நல்லது: நிறையத் தண்ணீரா, தெளித்து மூடுவதா, ஆவியா, குக்கரா?

கால் கிலோ பீன்ஸைப் பொடியாக நறுக்கி வைத்துக்கொண்டால், புதிதாக எந்தச் சாதனமும் வாங்காமல், சாதாரண அடுப்பில் அதை வேகவைக்கக் குறைந்தது நான்கு வழிகள் உள்ளன. நிறையத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அதில் போட்டு வடிக்கலாம்; வாணலியில் தாளித்து, தண்ணீர் தெளித்து மூடி வைக்கலாம்; இட்லிப் பானையில் ஆவியில் அவிக்கலாம்; குக்கரில் ஒரு விசில் விடலாம். வெண்டைக்காய் போன்ற சிலவற்றுக்குத் தண்ணீரே காட்டாமல் வதக்கும் ஐந்தாவது வழியும் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் இவற்றுள் ஒன்று பழக்கமாகிவிட்டதால், அதையே எல்லாக் காய்களுக்கும் பயன்படுத்துகிறோம். ஆனால், காய் வெந்த தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது, அடுப்பில் எவ்வளவு நேரம் இருக்கப்போகிறது என்ற இரண்டையும் பார்த்தால், எந்தக் காய்க்கு எந்த முறை என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

முதலில் நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காயின் பச்சைக்குக் காரணமான பச்சையத்தின் மூலக்கூறு நடுவில் ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. சூடு பட்டுக் காயின் செல்கள் உடையும்போது, உள்ளே தனித்திருந்த இயற்கை அமிலங்கள் வெளியே வந்து பச்சையத்தோடு கலக்கின்றன. மெக்னீசியம் விலகி, அதன் இடத்தில் ஹைட்ரஜன் வந்து சேர, பசுமை மங்கி ஒரு பழுப்பு கலந்த நிறம் வருகிறது. கொதிநீரில் போட்ட முதல் நிமிடத்தில் காய் முன்பைவிடப் பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் வேறு: செல்களுக்கு இடையில் இருந்த காற்று வெளியேறிவிடுவதால், பச்சை தெளிவாகத் தெரிகிறது. அந்தப் பளபளப்பு நிலைக்காது. சுமார் ஆறேழு நிமிடங்களுக்குள் இறக்கிவிட்டால் நிறம் பெரும்பாலும் தங்கும். அதற்கு மேல் போகப்போக மங்கல் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

இந்தக் கணக்கில் பார்த்தால், நிறையத் தண்ணீரில் மூடாமல் அவிப்பதே நிறத்துக்கு மிகவும் உகந்தது. கால் கிலோ காய்க்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பு என்ற அளவில் வைத்து, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதுதான் காயைப் போட வேண்டும். தண்ணீர் அதிகம் என்பதால் காய் விழுந்ததும் கொதி அதிகமாக அடங்குவதில்லை. வெளிவரும் அமிலங்கள் நீர்த்துப்போகின்றன. மூடி இல்லாததால் அவற்றில் ஒரு பகுதி ஆவியோடு வெளியேறிவிடுகிறது. பொடியாக நறுக்கிய பீன்ஸ் நான்கைந்து நிமிடங்களில் வெந்துவிடும். வடித்த உடனே அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டால் போதும். ஐஸ் தண்ணீரில் போட்டு எடுக்க வேண்டும் என்று சொல்வது, ஆறிய பிறகு பரிமாறும் சாலட்டுக்குப் பொருந்துமே தவிர, மறுபடி தாளிக்கப்போகும் பொரியலுக்குத் தேவையில்லை.

ஆனால் இந்த முறைக்கு நாம் கொடுக்கும் விலை பெரியது. வைட்டமின் சி, ஃபோலேட் ஆகியவை தண்ணீரில் கரைபவை. வடிக்கும்போது அவற்றில் ஒரு பங்கு வடிநீரோடு போய்விடுகிறது. அந்த நீரில் உப்பு இருப்பதால் ரசத்திலோ சாம்பாரிலோ முழுவதையும் சேர்க்கவும் முடியாது. காய் வேகும் நேரத்தைவிடத் தண்ணீர் கொதிக்கும் நேரமே அதிகம் என்பதால் எரிவாயுவும் வீணாகிறது. குடிநீரைக் கேன் கேனாக விலை கொடுத்து வாங்கும் வீடுகளில், தினமும் இரண்டு லிட்டரைத் தொட்டியில் கொட்டும்படி யாருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

எனவே, வடித்துக் கொட்டுவதற்கு ஒரு காரணம் இருக்கும் காய்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்வது நல்லது. கொத்தவரங்காய் அப்படிப்பட்டது, அதன் கசப்பு வெந்த தண்ணீரில் இறங்குகிறது, ஆகவே வேகவைத்து வடித்து, இலேசாகப் பிழிந்து, பிறகு தாளிக்கும் பழைய வழக்கம் சரியானதே. இன்னொரு காரணம் ஆக்சலேட், அதாவது சிலவகைச் சிறுநீரகக் கற்களில் காணப்படும் ஓர் இயற்கைச் சேர்மம். முளைக்கீரை, சிறுகீரை, பாலக் போன்றவற்றில் இது அதிகம். கரையக்கூடிய ஆக்சலேட்டின் கணிசமான பகுதி வேகவைத்த தண்ணீரில் இறங்கிவிடுவதால், ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவர் அறிவுரைப்படி கீரையை வேகவைத்து நீரை வடித்துவிடுவது பயனுள்ளது. ஆவியில் அவித்தால் இந்தப் பலன் அவ்வளவாகக் கிடைக்காது.

அன்றாடப் பொரியலுக்கு, என் கருத்தில், தெளித்து மூடும் முறையே முதலிடம் பெறுகிறது. நம் வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் இந்த முறையின் நுட்பம், வாணலியைத் தட்டால் மூடி, அந்தத் தட்டின் மேல் சிறிது தண்ணீர் ஊற்றி வைப்பதில் இருக்கிறது. கீழிருந்து எழும் ஆவி குளிர்ந்த தட்டின் அடியில் பட்டுத் துளிகளாகி மறுபடி காயின் மேலேயே விழுகிறது. அதனால் கால் டம்ளர் தண்ணீரிலேயே அடிப்பிடிக்காமல் காய் வெந்துவிடுகிறது. போதவில்லை என்றால், தட்டில் சூடேறியிருக்கும் தண்ணீரிலிருந்தே இரண்டு கரண்டி எடுத்து விடலாம். பச்சைத் தண்ணீர் விட்டால் கொதி அடங்கி நேரம் நீள்வது போன்ற சிக்கல் இதில் இல்லை.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்த எண்ணெயில் பீன்ஸைப் போட்டு, உப்புச் சேர்த்து, ஒவ்வொரு துண்டிலும் எண்ணெய் படும்வரை ஒரு நிமிடம் கிளற வேண்டும். பிறகு தண்ணீர் தெளித்து மூடி, நடுத்தரத் தீயில் வைக்க வேண்டும். மூடி இருப்பதால் அமிலங்களும் ஆவியோடு உள்ளேயே சுற்றி, துளிகளாய்க் காயின் மேல் விழுகின்றன என்பது இந்த முறையின் குறை. அதற்கு மாற்று, முதல் மூன்று நிமிடங்களுக்குள் ஒன்றிரண்டு முறை தட்டை எடுத்து ஆவியை வெளியே விட்டுக் கிளறிவிடுவதும், காயைப் பொடியாக நறுக்கி மொத்த வேலையையும் ஏழெட்டு நிமிடங்களுக்குள் முடிப்பதுமாகும். தண்ணீர் வற்றியதைக் காதாலேயே அறியலாம்: களகளவென்ற கொதி ஓசை நின்று, எண்ணெய் சடசடக்கத் தொடங்கும். அந்தக் கணத்தில் தட்டை எடுத்து, தேங்காய்த் துருவலைச் சேர்த்து இறக்கிவிட வேண்டும். வெந்த தண்ணீர் முழுவதும் வாணலியிலேயே வற்றிவிடுவதால், அதில் கரைந்த சத்தும் சுவையும் காயோடு ஒட்டிக்கொள்கின்றன. தாளித்த எண்ணெயோ, பச்சைக் காய்களிலும் கீரைகளிலும் உள்ள பீட்டா கரோட்டினை உடல் ஏற்க உதவுகிறது.

வெண்டைக்காய்க்கு இது ஆகாது. ஈரம் பட்டால் அதன் கொழகொழப்பு பெருகும் என்பதால், கழுவித் துணியால் துடைத்த பிறகே நறுக்கி, மூடாமல் எண்ணெயில் வதக்கி, உப்பைக் கடைசியில் போட வேண்டும். ஒரு கரண்டி தயிரோ புளித்தண்ணீரோ விட்டால் கொழகொழப்பு அடங்கும், ஆனால் அந்தப் புளிப்பே பசுமையையும் குறைக்கும். இரண்டில் எது வேண்டும் என்பதைச் சமைப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். முருங்கைக்கீரைக்கும் வதக்கலே சிறந்தது. கழுவிய ஈரமே அது வேகப் பெரும்பாலும் போதும். அதைக் கரண்டியின் அகன்ற பக்கத்தால் கிளறாமல் காம்புப் பக்கத்தால் கிளறினால், இலைகள் உருண்டு கட்டிகட்டாமல் உதிரியாக வரும்.

ஆவியில் அவிப்பது தெளித்து மூடுவதற்கு மிக நெருங்கிய போட்டி. தண்ணீரில் காய் மூழ்காததால் சத்து கரைந்து போக வழி குறைவு. அடிப்பிடிக்கும் கவலையும் இல்லை. ஆனால் மூடியைத் திறக்காமல் வைக்க வேண்டியிருப்பதாலும், கொதிநீரில் வேகும் நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாவதாலும், நிறம் சற்று மங்கலாகவே வரும். உப்பு உள்ளே இறங்காது என்பதும் ஒரு குறை. தட்டில் குவித்து வைத்தால் நடுவில் இருப்பது வேகாமல் நிற்கும், ஆகவே மெல்லியதாகப் பரப்ப வேண்டும். பருப்பு உசிலி செய்யும் நாளில் மட்டும் இந்த முறையை நான் தயங்காமல் முன்னே வைப்பேன்: அரைத்த பருப்பு எப்படியும் ஆவியில் வேக வேண்டியதுதான் என்பதால், ஒரு தட்டில் பருப்பையும் இன்னொரு தட்டில் பீன்ஸையும் வைத்து, பீன்ஸ் வெந்ததும் அதை மட்டும் முதலில் எடுத்துவிடலாம்.

குக்கரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே வெப்பம் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸை எட்டுவதால், காய் வெந்ததற்கும் குழைந்ததற்கும் இடையில் உள்ள நேரம் மிகக் குறுகியது. திறந்து பார்க்கவும் முடியாது. அவரையும் புடலையும் நிறம் செத்து வெளிவருவது இதனால்தான். கூட்டு வைப்பவர்கள் பருப்பை மட்டும் குக்கரில் வைத்து, காயைத் தனியே திறந்த பாத்திரத்தில் வேகவைத்துச் சேர்த்தால், கூடுதலாக ஒரு பாத்திரம் கழுவ வேண்டியிருக்கும் என்பதைத் தவிர வேறு இழப்பில்லை.

எந்த முறையானாலும், நிறத்துக்காக ஆப்ப சோடா சேர்ப்பதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். சோடாவின் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) பச்சையத்தைக் காப்பது உண்மைதான். ஆனால் அதே காரம் காயின் செல்சுவரைக் கரைத்துக் கூழாக்குகிறது, தயமின் என்னும் பி1 வைட்டமினை அழிக்கிறது, வாயில் ஒரு சவர்ச் சுவையையும் விட்டுச்செல்கிறது. ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரில் காய் வேகத் தாமதமாகிறது என்பதற்காகச் சிலர் சோடாவை நாடுகிறார்கள். அந்த நீரில் உள்ள கால்சியம், காயின் செல்களை ஒட்டிவைக்கும் பெக்டின் என்ற பொருளை இறுக்குவதுதான் தாமதத்துக்குக் காரணம் என்பதால், தெளிக்கும் கால் டம்ளரை மட்டும் குடிநீரிலிருந்து எடுத்தாலே பிரச்சினை தீர்ந்துவிடும்.

கீரை மசியலில் வெந்த தண்ணீரும் சேர்ந்தே கடையப்படுவதால் அதன் கணக்கு வேறு. அங்கே எதுவும் வடிந்து போவதில்லை. கடைந்தால் சேர்ந்து வரும் அளவுக்கு மட்டும் தண்ணீர் வைப்பதுதான் முக்கியம். மூடாமல் ஐந்து நிமிடங்களில் வெந்துவிடும் இளங்கீரைக்கு மூடி போட்டு நேரத்தை மிச்சப்படுத்தவும் ஒன்றுமில்லை. புளிச்சகீரைக்கு மட்டும் இந்தக் கவனம் எதுவும் பலிக்காது. தன்னுள்ளேயே அவ்வளவு புளிப்பு இருப்பதால், சூடு பட்ட சிறிது நேரத்திலேயே அது பழுப்பாகிவிடும், அதைத் தடுக்க முயல்வதில் பயனில்லை.

புளி நிறத்தைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. அமிலம் சேர்ந்தால் காயின் செல்சுவர் எளிதில் இளகுவதில்லை, ஆகவே புளிக்கரைசல் கொதிக்கும்போது பச்சையாகப் போட்ட அவரைக்காய் வெகுநேரம் நறுக்கென்றே நிற்கும். அதற்குள் நிறமும் போய்விடும். சாம்பாருக்கும் புளிக்குழம்புக்கும் காயைச் சிறிதளவு தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்துக்கொண்டு, புளித்தண்ணீரின் பச்சை வாசனை போகக் கொதித்த பிறகு, அந்தத் தண்ணீரோடு சேர்த்தே குழம்பில் விட்டு ஒரு கொதியில் இறக்குவது நல்லது.