சூடான இரும்புல காமாவா டெல்டாவா? என் ஓட்டு யாருக்குன்னா…

இரும்ப சூடு பண்ணா சிவக்கும், வெளுக்கும், கடைசியில உருகும், அவ்ளோதான்னு நெனச்சிட்டு இருந்தவன்தான் நானும். வெல்டிங் இன்ஸ்பெக்ஷன் வேலைக்கு வந்தப்புறம்தான் புரிஞ்சது, உருகுறதுக்கு முன்னாடியே உள்ள இருக்குற அணுக்கள் ரெண்டு தடவ எழுந்து இடம் மாறி உக்காருதுன்னு. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு கிரேக்க எழுத்துதான் பேர், சுத்தமான இரும்புன்னா 912 டிகிரி செல்சியஸ் வரைக்கும் ஆல்ஃபா, அங்கேர்ந்து 1394 வரைக்கும் காமா, அதுக்கு மேல 1538ல உருகுற வரைக்கும் டெல்டா. நடுவுல பீட்டா எங்கன்னு கேப்பீங்க, இருந்துச்சு, 770 டிகிரியில இரும்பு காந்தத்த விட்டுடுறத பாத்துட்டு அதுவும் தனி வகைன்னு அந்தக் காலத்துல பேர் வெச்சாங்க, 1920கள்ல எக்ஸ்ரே போட்டு பாத்தா அடுக்கு மாறவே இல்ல, பீட்டாவ தூக்கிட்டாங்க, ஆனா மத்த எழுத்த மாத்தாம அப்படியே விட்டுட்டாங்க.

இப்ப ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வெப்போம். காமாவுல ஒரு கன சதுரத்தோட மூலைகள்லயும் ஒவ்வொரு முகத்தோட நடுவுலயும் அணு இருக்கும், ஒரு அணுவுக்கு 12 பக்கத்து வீட்டுக்காரங்க, மொத்த இடத்துல 74 சதவீதம் நிரம்பிடும். டெல்டாவுல மூலைகள்ல அணு, நட்ட நடுவுல ஒண்ணு, பக்கத்து வீடு 8, நிரம்புறது 68 சதவீதம்தான். அதாவது டெல்டா வேற யாரும் இல்ல, கீழ பாத்த அதே ஆல்ஃபா அடுக்குதான், நடுவுல காமா வந்து போனதும் திரும்ப வந்து உக்காந்துக்குது.

ஏன் திரும்ப வரணும்? எனக்கு ரொம்ப நாளா குடைஞ்ச கேள்வி இது. கீழ இருக்குறப்ப ஆல்ஃபாவ தாங்கிப் பிடிக்கிறது காந்த சக்தி, சூட்டுல அது போனதும் காமா முந்திக்குது. இன்னும் மேல போனா அணுக்கள் ஆடுற ஆட்டம் ஜாஸ்தி, அந்த ஆட்டத்துக்கு இந்த தளர்வான அடுக்குதான் வசதி, அதனால டெல்டா ஜெயிச்சிடுது. ஒரே அடுக்கு ரெண்டு தடவ வேற வேற காரணத்துக்காக ஜெயிக்குது பாருங்க.

கார்பன் விஷயத்துல காமாவ அடிச்சுக்க ஆளே இல்ல. 1147 டிகிரியில கிட்டத்தட்ட 2.1 சதவீதம் கார்பன உள்ள வாங்கிக்கும், டெல்டாவுக்கு அதிகபட்சமே 0.09தான். இறுக்கமா இருக்குறவன் எப்படி அதிகமா வாங்குவான்னு தோணும். பஸ்ல அங்கங்க கொஞ்சம் கொஞ்சம் இடம் இருந்தும் உக்கார ஒரு முழு சீட் இல்லன்னா எப்படி, டெல்டா அப்படி, இடைவெளி நெறைய, ஒவ்வொண்ணும் சின்னது. காமாவுல இடைவெளி எண்ணிக்கை கம்மி ஆனா கார்பன் அணு நுழையுற அளவுக்கு பெருசு. அரிவாளுக்கு துவச்சல் போடுறதே இத நம்பித்தான், காமா ஆகுற வரைக்கும் காய்ச்சி, கார்பன உள்ள கரைய விட்டு, அது வெளிய வர நேரம் குடுக்காம தண்ணில முக்குறது. ஹீட் ட்ரீட்மென்ட் பாடம் பூரா ஆஸ்டினைட் ஆஸ்டினைட்னு ஒரே பேச்சா இருக்குறதுக்கு காரணம் இதுதான், காமாவோட இன்னொரு பேர் அது, ராபர்ட்ஸ் ஆஸ்டன்னு ஒரு இங்கிலாந்து உலோகவியல்காரர் பேர்ல வெச்சது.

அதனால டெல்டா சும்மா ஒரு ஒப்புக்கு இருக்குற ஆளுன்னு நெனச்சீங்கன்னா அங்கதான் தப்பு. உருகின எஃகு உறையுறப்ப கார்பன் 0.53 சதவீதத்துக்கு கீழ இருந்தா முதல்ல பொறக்குறது டெல்டாதான், 1495 டிகிரி கிட்ட வந்தப்புறம்தான் காமா எட்டிப் பாக்கும். ரயில் தண்டவாளம் மாதிரி 0.6க்கு மேல கார்பன் இருக்குறது டெல்டாவ பாக்காமலே நேரா காமாவா உறையும், ஆனா நாம தினம் பாக்குற தகடு, ஆங்கிள், பைப் எல்லாம் டெல்டா வழியாத்தான் வந்திருக்கு. கன்டினியுவஸ் காஸ்டிங்ல, அதாவது உருகின எஃக மோல்டுங்குற அச்சு வழியா விடாம வார்க்குறப்ப, 0.09ல இருந்து 0.17 வரைக்கும் கார்பன் உள்ள எஃகுன்னா ஆபரேட்டருங்க முகமே மாறும், டெல்டா காமாவா மாறுறப்ப சுருங்கும், இந்த ரேஞ்சுல அந்த சுருக்கம் வெளிப்பக்கம் உறைஞ்ச ஓடு மெல்லிசா இருக்குறப்பவே வந்து மோல்டு சுவத்த விட்டு அங்கங்க பிரிஞ்சிடும், மேடும் பள்ளமுமா உறைஞ்சு விரிசல் விழும்.

ஸ்டெயின்லெஸ் வெல்டிங்ல நான் கண்ணால பாத்தது வேற. அதோட கலவையால காமாவும் கொஞ்சம் டெல்டாவும் ஆறினப்புறமும் அப்படியே தங்கிடும். முன்னாடி வேலை பாத்த ஒரு பட்டறையில 310ங்குற ஸ்டெயின்லெஸ் வெல்டிங் ராட் போட்டு ஒரு உலை பார்ட் அடிச்சோம், அது உறையுறப்ப முழுக்க காமா. பீட், அதான் வெல்டு வரி, பாக்க மீன் செதில் மாதிரி அவ்ளோ அழகு, விரிசல காட்டிக் குடுக்குற செவப்பு சாயம், டை பெனட்ரன்ட், அடிச்சு துடைச்சு வெள்ளை டெவலப்பர் போட்டதும் ரெண்டே நிமிஷத்துல நட்ட நடுவுல தலைமுடி கணக்கா ஒரு செவப்பு கோடு. சல்ஃபரும் பாஸ்பரஸும் காமாவுல சரியா கரையாது, கடைசியா உறையுற இடத்துல மெல்லிய திரவமா தேங்கி நிக்கும், வெல்டு சுருங்கி இழுக்குறப்ப அங்கயே பொளந்துடும். டெல்டா இருந்தா அந்த அழுக்க தன் உள்ள வாங்கிக்கும். அதனாலதான் 308எல், 316எல் ராடுல வேணும்னே கொஞ்சம் டெல்டா வர்ற மாதிரி கலவை போடுறாங்க, வெல்டுல டெல்டா எவ்ளோ இருக்குன்னு சொல்ற ஃபெர்ரைட் நம்பர் 3ல இருந்து 8 வரைக்கும்னு வழக்கமா கேப்பாங்க.

அதுக்காக அள்ளிக் கொட்டவும் முடியாது. 600லருந்து 900 டிகிரிக்குள்ள வருஷக்கணக்கா ஓடுற பைப்புன்னா அந்த டெல்டாவே சிக்மான்னு ஒரு நொறுங்குற சமாச்சாரமா மாறிடும், ரொம்ப குளிர்ல வேலை செய்யுற டேங்குன்னா தாங்கும் தெம்பு குறையும், அங்க காமாதான் ராஜா. ஆனா சாதாரண 304 ஸ்டெயின்லெஸ் வேலைன்னா என் ஓட்டு கொஞ்சம் டெல்டாவுக்குத்தான்.

ஒரு தடவ ஒரு கஸ்டமர் பாக்கெட்ல காந்தம் வெச்சுட்டு வந்து தகட்டுல வெச்சாரு, ஒட்டல, வெல்டு மேல வெச்சாரு, லேசா இழுத்துச்சு. உடனே "டூப்ளிகேட் ராடு போட்டு ஏமாத்துறீங்களா"ன்னு ஒரே சத்தம். ஆறின வெல்டுல காமா காந்தத்துல ஒட்டாது, டெல்டாதான் இழுக்கும். சார், அது இழுக்கலன்னாதான் சார் நான் பயப்படணும்னு சொல்லி, ஃபெர்ரைட் மீட்டர எடுத்துட்டு வந்து ரீடிங் 5 காமிச்சேன், அப்பவும் மனுஷன் பில்லுல ரெண்டு நாள் கழிச்சுத்தான் கையெழுத்து போட்டாரு.