நுவரெலியா திட்டமிடலாளர் மாநாடு: காசு கட்டிப் போகலாமா?

திட்டமிடலாளர் சங்கமொன்று நுவரெலியாவில் நடத்திய மாநாட்டுக்கு நோர்வூட்டிலிருந்து போனேன். மூலோபாயத் தலைமைத்துவமும் மாற்றமும் என்பதுதான் தலைப்பு.

காலை அமர்வு ஏமாற்றம். திரையில் வட்டமும் அம்புக்குறியும். எந்த நாட்டிலும் பேசக்கூடிய பேச்சு. தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தந்த காதுக்கருவி தேத்தண்ணி நேரத்துக்கு முன்பே செத்துப்போனது. மலையகத்தில் கூட்டம் வைத்துவிட்டு இப்படிச் செய்வதை நான் சாதாரணமாக விடமாட்டேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த குழு வேலைக்காக மட்டும் மறுபடியும் காசு கட்டுவேன். மண்சரிவு அபாய வரைபடத்தை மேசையில் விரித்து, ஒரு தோட்டத்தில் ஏழு பேர்ச்சஸ் வீட்டுக் காணிகளை எங்கே பிரிப்பது என்று எங்களிடமே பென்சிலைக் கொடுத்தார்கள். சரிவு குறைந்த இடமெல்லாம் நல்ல தேயிலை, கம்பனி விடாது. மிச்சம் வரைபடத்தில் சிவப்பு, அதாவது சரியும் அபாயம் கூடின இடம். 2014இல் மீரியாபெத்தைத் தோட்டத்தில் லயங்களைப் புதைத்த மண்சரிவைப் பார்த்த பிறகு சிவப்பில் யார் கோடு இழுப்பார்? தோட்டத் துரை, பிரதேச சபைச் செயலாளர், லய வீடுகளில் இருக்கிற பெண்கள் எல்லாரும் ஒன்றாக உட்காராமல் இந்த வேலை நகராது.

1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டு, தோட்டங்களுக்குள் வேலை செய்யச் சபைகளுக்கு வழி கிடைத்ததை எங்கள் மேசையிலிருந்த ஒரு தங்கச்சி எழுந்து சொன்னாள். நடத்துநர் அதைப் பலகையில் எழுதி, அடுத்த பயிற்சியையே மாற்றினார். அந்த மனசு எனக்குப் பிடித்தது.

சாப்பாடு பரவாயில்லை. சபை உறுப்பினர்களும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களும் கட்டாயம் போங்கள். தோட்ட மக்களுக்குக் கட்டணத்தைக் குறைத்தால் அடுத்த முறை ஒரு வேன் நிறைய ஆட்களோடு வருவேன்.