தினம் கால் மணி நேரம், ஒரு பக்கம்: மூன்று வருஷம் வரைந்த அனுபவம்

2022 சித்திரை ஒன்றாம் தேதி காலையில், காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எதிரே தெரிந்த, மாடு கட்டும் கட்டுத்தரையை வரைந்தேன். தினம் கால் மணி நேரம், ஒரு பக்கம், அவ்வளவுதான் கணக்கு. 2025 சித்திரையோடு மூன்று வருஷம் முடிந்தது. 1,096 நாளில் 70 நாள் விட்டுப்போயிருக்கிறது. பத்து நோட்டு முடிந்து பதினொன்றாவது ஓடுகிறது.

ஓவியம் நான் யாரிடமும் கற்றதில்லை. எண்ணெய் மில் ஒன்றில் பில் போடும் வேலை. இதற்கு முன்பும் இரண்டு தடவை ஆரம்பித்து விட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வரைவதாகத் திட்டம். ஞாயிறு என்றால் ஒரம்பரை (விருந்தாளிகள்) வரும், இல்லாவிட்டால் நாம் எங்காவது விசேஷத்துக்குப் போக வேண்டியிருக்கும். மூன்று வாரம் தாண்டியதில்லை.

இந்த முறை நேரத்தைக் கடிகாரத்தில் வைக்காமல் வீட்டு வேலையோடு சேர்த்துவிட்டேன். அத்தை பால் கறந்து, கேனை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்கு ஊற்றக் கிளம்பினால் நான் பேனாவைத் திறக்க வேண்டும். அவர் திரும்பி வந்ததும் மூடிவிட வேண்டும். படம் பாதியில் நின்றாலும் மூடிவிட வேண்டும் என்பதில் கறாராக இருந்தேன். நன்றாக வருகிற நாளில் இன்னும் கொஞ்சம் வரையலாமே என்று கை துடிக்கும். அந்த ஆசை மிச்சம் இருந்ததால்தான் மறுநாள் தானாக வந்து உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன்.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று சொல்வார்கள். எனக்கு 22-ஆம் நாளும் உடம்பை இழுத்துக்கொண்டுதான் திண்ணைக்கு வர வேண்டியிருந்தது. நமக்கு இது ஒத்துவராது போல என்று சங்கடமாகிவிட்டது. அப்புறம்தான் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் உடன் இருந்தவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். யோசிக்காமல் தானாகச் செய்கிற நிலைக்கு வர, நடுமட்டமாக 66 நாள் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறும் என்பது அவர்கள் மதிப்பீடு. நடுவில் ஒரு நாள் விட்டாலும் பெரிதாகக் கெட்டுப்போவதில்லை என்பதும் அதில் இருக்கிறது. எனக்கு ஆடி முடிந்து ஆவணி பிறந்த பிறகுதான், அத்தை கேனைக் கழுவும் சத்தம் கேட்டதுமே கை பேனாவைத் தேட ஆரம்பித்தது.

விட்டுப்போன 70 நாளில் பெரும்பகுதி மாதம் 19, 20, 21 தேதிகளில்தான். ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு 20-ஆம் தேதி கெடு என்பதால் மில்லிலிருந்து வரவே ராத்திரியாகிவிடும், காலையில் எழ முடியாது. முதல் வருஷம் விட்டதையெல்லாம் கடன் போலச் சேர்த்து ஒரே நாளில் நாலு பக்கம் வரைந்தேன். நாலும் அவசரக் கோடு. நோட்டைப் பார்க்கவே பிடிக்காமல் போயிற்று. இப்போது விட்ட நாள் விட்டதுதான்.

பொருட்களைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் கடையில் வாங்கிய கோடு போட்ட நோட்டில் வரைந்தேன். தாள் மெலிசு, மை பின்பக்கம் ஊறிவிடும். இப்போது ஊர் அச்சகத்தில் வெட்டி மிச்சம் விழும் 100 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) மேப்லித்தோ அச்சுத் தாளை வாங்கி, போஸ்ட் கார்டு அளவில் 96 பக்கமாக நூல் தைத்துக் கொடுக்கச் சொல்கிறேன். பை ஓரத்தில் அடங்குகிறது, மை ஊறுவதில்லை.

பேனா சாதாரண இங்க் பேனா. கோடு கறுப்பாக விழட்டும் என்று ஒருநாள் அதில் இண்டியன் இங்க்கை ஊற்றிவிட்டேன். அதில் அரக்கு சேர்ப்பார்கள், காய்ந்தால் தண்ணீரில் கரையாது. நிப்பைத் தொட்டு வரைகிறவர்களுக்கான மை அது. பேனாவின் நாக்குக்குள் இறுகி, ரெண்டு வாரம் ஊறவைத்தும் மசியவில்லை, கடைசியில் பேனாவையே மாற்ற வேண்டியதாயிற்று. சாதாரண எழுதும் மையே எனக்குப் போதும். கோடு போட்டுவிட்டு ஈர விரலால் லேசாகத் தடவினால் மை கரைந்து நிழல் விழுகிறது. கிளுவை வேலியின் அடியில் இருக்கும் இருட்டை நான் அப்படித்தான் கொண்டுவருகிறேன்.

கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், நிற்கும் வெள்வேல மரத்தையும் மாடுகளையும்தான் அதிகம் வரைந்திருக்கிறேன். சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போனால், பக்தர் கனவில் வந்த பொருளை வைக்கும் உத்தரவுப் பெட்டியில் அப்போது என்ன வைத்திருக்கிறார்களோ அதை வரைந்துவிட்டு வருவேன். "ஏனம்மணி, நித்தமும் மாட்டையவேதான் வரைவியா?" என்று அத்தை கேட்பார். ஆனால் ஒன்றையே திரும்பத் திரும்ப வரைந்ததில்தான் எனக்குப் பார்க்கத் தெரிந்தது. ஒரு வருஷம் வரைக்கும் என் மாடுகள் எல்லாம் பொம்மை போலத்தான் நின்றன. ஒருநாள் அத்தை நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "பின்னங்காலு என்ன கட்டிலுக் காலு மாதிரி நேரா நிக்குது?" என்றார். போய் உட்கார்ந்து ஒரு வாரம் பின்னங்காலை மட்டும் வரைந்தேன். பின்பக்கமாகத் துருத்திக்கொண்டிருப்பது மாட்டின் முட்டி இல்லை, குதிகால். முட்டி மேலே வயிற்றை ஒட்டி இருக்கிறது. பிறந்ததிலிருந்து மாட்டோடு வளர்ந்தவள், அதுவரை இதைக் கவனித்ததில்லை.

2023 ஐப்பசியில் எங்கள் காங்கேயம் மாடு கிடாரிக் கன்று போட்டது. காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதத்துக்குள் மயிலைக்கு (சாம்பல் நிறத்துக்கு) மாறும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். நான் வாரம் ஒருநாள் அந்தக் கன்றுக்கு ஒதுக்கி, கலர் பென்சிலால் வரைந்தேன். கார்த்திகைப் பக்கங்களில் உடம்பு முழுக்கச் செம்மண் நிறம். மாசியில் பாதிக்குப் பாதி சாம்பல். பங்குனிக் கடைசியில் செம்மண் பென்சிலை எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. தினம் தவிடு வைக்கிற அத்தைகூட அந்தப் பக்கங்களை வரிசையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்படியாங் கண்ணு மாறுச்சு?" என்று கன்றைத் தடவிக் கொடுத்தார்.

இந்த முறையில் ஆகாத காரியங்களும் உண்டு. வாட்டர் கலர் ஒரு பூச்சு காய்வதற்குள் அத்தை வந்துவிடுவார். மனித முகம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை; அதற்கு நீண்ட நேரம் அசையாமல் உட்காருகிற ஆள் வேண்டும். கன்னபுரம் மாட்டுத்தாவணி (மாட்டுச் சந்தை) போல நூறு மாடு, நூறு ஆள் நிற்கிற இடத்தைக் கால் மணி நேரத்துக்குள் அடக்க முடியாது. அதற்கு லீவு போட்டுவிட்டுத்தான் போனேன். ஆனால் அன்றைக்குக் கை தயங்கவில்லை, திமிலும் கொம்பும் பார்த்த மாத்திரத்தில் விழுந்தன.

நடுவில் ஆறு மாதம் படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். நாலு பேர் பாராட்டினார்கள். கொஞ்ச நாளில், பாராட்டு வரும்படியான படமாகத் தேடி வரைய ஆரம்பித்தேன். அதைக் கண்டதும் நிறுத்திவிட்டேன்.

இந்த நோட்டில் இன்னும் முப்பது பக்கம் இருக்கிறது. அடுத்த நோட்டுக்கு அச்சகத்தில் சொல்லி வைத்தாயிற்று. கல்யாணப் பத்திரிகை சீசனில் 120 ஜிஎஸ்எம் தாள் மிச்சம் விழுந்தால் எனக்கு எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.