டெல்டா வானத்துக்கு ஒரு ஸ்மார்ட் தொலைநோக்கி: இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், நெற்களத்துச் சிமெண்டுத் தரையில் வைத்து நான் பயன்படுத்திவரும் கருவி இது. 50 மி.மீ. லென்ஸ், 250 மி.மீ. குவியத்தூரம், இரண்டரை கிலோ எடை. கண்ணை வைத்துப் பார்க்க இதில் இடமே கிடையாது. ஃபோனில் பெயரைத் தொட்டால் தானே திரும்பித் தேடிப் பிடிக்கும். பத்துப் பத்து நொடிப் படங்களாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தரும். விலை அரை லட்சத்தைத் தாண்டும். வாங்குவதற்கு முன் நான் பார்த்த விமர்சனங்கள் எல்லாம் ஐரோப்பா, அமெரிக்காவிலிருந்து வந்தவை. அவர்கள் புலம்பியதில் பாதி இங்கே பிரச்சினையே இல்லை. இங்கே உள்ள தொல்லைகளை அவர்கள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டெல்டா ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் தெற்கு வானம் நமக்குத் தாராளம். லண்டனில் ஒருநாளும் உதிக்காத ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து, சித்திரை வைகாசி இரவுகளில் இங்கே 30 டிகிரிக்கு மேல் ஏறி நிற்கும். வெறும் கண்ணுக்கு மங்கலான ஒரு விண்மீன்தான். அப்படி ஒற்றை விண்மீன் இல்லை என்று 1677இல் வானியலாளர் எட்மண்ட் ஹாலி குறித்துவைத்தார். அரை மணி நேரம் படத்தை அடுக்கவிட்டால் ஓரமெல்லாம் தனித்தனிப் புள்ளியாக உதிர்கிறது, நடுவில் மட்டும் கொஞ்சம் குழைந்திருக்கிறது. சுமார் 17,000 ஒளியாண்டு தூரத்தில் ஒரு கோடி விண்மீன்கள்! அதற்குச் சற்று வடக்கே சென்டாரஸ் ஏ கேலக்ஸி. குறுக்கே ஓடும் தூசிப் பட்டை இந்தச் சின்ன லென்ஸிலேயே தெரிகிறது. பங்குனியில் கரினா நெபுலா என்ற வாயு மேகம் 20 டிகிரி உயரத்தைத்தான் தொடும். களத்துக்குத் தெற்கே தென்னந்தோப்பு இருந்தால் அதை மறந்துவிட வேண்டியதுதான். எனக்கு வயல்தான், பிழைத்தேன்.

அதே அட்சம் வேறொரு இடத்தில் காலை வாருகிறது. உச்சிக்கு நேராக வரும் பொருளை இந்த வகைக் கருவியால் ஒழுங்காகத் தொடர முடியாது. கன்னி ராசிக் கேலக்ஸிக் கூட்டம், எம் 87 உள்பட, நம் தலைக்கு நேர் மேலேதான் போகும். அங்கே போனதும் படம் படமாகக் கழித்துப் போடுகிறது. கிழக்கே ஏறிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. அப்போது படம் சுழல்வதும் குறைவு. படம் சுழலாமல் இருக்கக் கருவியைத் துருவத்தை நோக்கிச் சாய்த்து வைக்கச் சொல்வார்கள். 50 டிகிரி அட்சத்தில் அது சரி. இங்கே துருவ விண்மீனே 11 டிகிரியில் தாழக் கிடக்கிறது. கருவியைக் கிட்டத்தட்ட படுக்கவைக்க வேண்டும், முக்காலி ஒரு காலைத் தூக்கப் பார்க்கிறது. நான் அந்த வம்புக்கே போவதில்லை.

பனிதான் பெரிய எதிரி. மார்கழி, தையில் கருவி குளித்ததுபோல் நனைந்துவிடும். லென்ஸை உள்ளிருக்கும் ஹீட்டர் காப்பாற்றுகிறது, ஆனால் பேட்டரியைக் குடித்துவிடும். பவர் பேங்க் இல்லாமல் உட்காரவே வேண்டாம். சம்பாப் பயிரில் புகையான் பூச்சி இருந்தால் ஃபோன் வெளிச்சத்துக்கு மொத்தமாக மொய்க்கும். அறுவடை நாட்களில் ராத்திரியும் மெஷின் ஓடும்; தூசியும் லைட்டும் சேர்ந்து வானத்தை வெளுத்துவிடும். 2024 அக்டோபரில் சுச்சின்ஷான் வால்மீன் மாலை வானத்துக்கு வந்தபோது எங்களுக்கு மேகம்தான் கிடைத்தது. அதற்குக் கருவி என்ன செய்யும்?

எல்இடி தெருவிளக்கு வெளிச்சத்தைச் சமாளிக்கக் கருவிக்குள்ளேயே ஒரு ஃபில்டர் இருக்கிறது. ஹைட்ரஜனின் சிவப்பும் ஆக்ஸிஜனின் நீலப்பச்சையும் மட்டும் விடுவதால் நெபுலாக்களுக்கு அருமை. கேலக்ஸிக்கோ கொத்துக்கோ உதவாது, அவற்றுக்குக் கரண்ட் போவதே மேல். கிரகங்களுக்காக வாங்காதீர்கள். சனியின் வளையம் மொத்தமே இருபது பிக்ஸலுக்குள் அடங்கிவிடுகிறது.

எனக்கு அதிகம் பிடித்துப்போனது பழைய படங்களோடு ஒப்பிடுவது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் தரவு மையம் அலாடின் என்ற வான வரைபடத்தை இலவசமாகத் தருகிறது. அதில் அமெரிக்காவின் பாலோமர் மலையிலிருந்து 1949 முதல் கண்ணாடித் தகடுகளில் எடுத்த வடக்கு வானம் முழுக்க இருக்கிறது. என் படத்தில் ஒரு மங்கல் பொட்டு விண்மீனா கேலக்ஸியா என்று அங்கேதான் போய்ப் பார்ப்பேன். பர்னார்டு விண்மீனை அப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆறு ஒளியாண்டு தூரத்தில், வருடத்துக்குப் பத்து ஆர்க் செகண்டுக்கு (ஒரு டிகிரியை 3,600ஆகப் பிரித்தால் ஒரு பங்கு) மேல் நகரும் விண்மீன் அது. பழைய தகட்டில் அது இருந்த இடம் இப்போது காலி. முழுநிலா அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வடக்கே தள்ளிப் போயிருக்கிறது. விண்மீன்கள் நகரும் என்று படித்ததெல்லாம் சரி, நம் களத்திலிருந்து எடுத்த படத்தில் அது தெரிவது வேறு.

ஒன்று மட்டும்: ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் ஆப்பில் உள்ள ஏஐ நாய்ஸ் (படத்தில் வரும் மணல்போன்ற புள்ளிகள்) நீக்கத்தை அணைத்துவிடுங்கள். படம் பளிச்சென்று இருக்கும், ஆனால் மங்கலான விண்மீன்களை அது துடைத்துவிடக்கூடும், இல்லாததை வரையவும் கூடும். ஜேபெக்கோடு நிற்காமல், மூலத் தரவு அப்படியே இருக்கும் ஃபிட்ஸ் கோப்பையும் சேமியுங்கள். இடம் நிறைய அடைக்கும், மாதத்துக்கு ஒருமுறை ஹார்ட் டிஸ்குக்கு மாற்றிக்கொள்ளலாம்.