சாலிடரா, சாக்கெட்டா? முரண்டு பிடிக்கும் டீகோடருக்கு எது தோது

டிசிசி என்பது ஒரே தண்டவாளத்தில் ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை. அந்த முறையில் ஓடும் மாடல் ரயில் இன்ஜினில், கட்டளையைப் படித்து மோட்டாரையும் விளக்கையும் இயக்கும் டீகோடர் என்கிற சின்ன சர்க்யூட்டைப் பொருத்த இரண்டு வழி உண்டு. ஒயர்களை மோட்டாரிலும், சக்கரத்திலிருந்து கரண்ட் எடுக்கும் தொடுப்பிலும் நேரடியாக சாலிடர் வைக்கலாம். இல்லையென்றால் என்இஎம் 652 என்கிற 8 பின் சாக்கெட்டில் செருகலாம். பாளையங்கோட்டையில் என் மாடியறை லேஅவுட்டில் இரண்டு வகையும் ஓடியிருக்கின்றன. இப்போது இடம் இருக்கிற வண்டிக்கெல்லாம் சாக்கெட் மாட்டிவிட்டேன். என் ஓட்டு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

சாலிடருக்கும் நியாயம் உண்டு. சின்ன ஷன்டிங் இன்ஜினுக்குள் சாக்கெட்டுக்கு இடமே இருக்காது. தளர்ந்துபோகப் பின்களும் கிடையாது. மோட்டாரின் ஒரு முனை சேஸிஸைத் தொட்டுக்கொண்டிருக்கும் பழைய வண்டியில், அதைப் பிரித்து இன்சுலேட் செய்யாமல் டீகோடர் போட்டால் கருகிவிடும். அந்த வேலைக்கு எப்படியும் சாலிடர் அயர்னை எடுத்தாக வேண்டும். கை நடுங்குகிறவர்களுக்கு வண்ணார்பேட்டையில் மொபைல் சர்வீஸ் கடைகள் இருக்கவே இருக்கின்றன.

ஆனால் வண்டி திக்கித் திக்கி ஓடும்போதுதான் வித்தியாசம் தெரியும். எடுத்த எடுப்பில் எல்லோரும் பழியை டீகோடர் தலையில் போடுவோம். நம் ஊரில் ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று ஜன்னலைச் சாத்தினாலும் புழுதியைக் கொண்டுவந்து தண்டவாளத்தில் படிய வைக்கும். சக்கரத்தில் கறுப்பாக ஒரு படலம் ஏறிவிடும். முதலில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் இரண்டையும் துடையுங்கள். அப்புறம் முன்விளக்கைப் பாருங்கள். வண்டி குலுங்கும்போது விளக்கும் சேர்ந்து சிமிட்டினால் கரண்ட் ஏறுகிற இடத்தில் கோளாறு. விளக்கு நிதானமாக எரிய, மோட்டார் மட்டும் இழுத்தால் மோட்டார் பக்கமோ டீகோடரோ.

அந்த 'மோட்டாரா, டீகோடரா' என்பதைத்தான் சாக்கெட் சட்டென்று தீர்த்துவைக்கும். டீகோடரைக் கழற்றி, வண்டியோடு வந்த டம்மி பிளக்கை (கரண்டை நேரே மோட்டாருக்கு விடுவது) அந்த இடத்தில் செருகி, வோல்டேஜைக் கூட்டிக் குறைத்து ஓட்டும் பழைய டிசி கன்ட்ரோலரில் ஓட்டுங்கள். டிசிசி தண்டவாளத்தில் அப்படி ஓட்டிவிடாதீர்கள், மோட்டார் ரீங்காரமிட்டுச் சூடாகும். டிசியிலும் திக்கினால் டீகோடர் நிரபராதி. நன்றாக ஓடினால், அதே டீகோடரை இன்னொரு வண்டியில் செருகிப் பாருங்கள். கோளாறும் கூடவே போனால் சந்தேகமே இல்லை, டீகோடர்தான். சாலிடர் வைத்த வண்டியில் இதே சோதனைக்குச் சிவப்பு, கறுப்பு, ஆரஞ்சு, சாம்பல் என்று ஒவ்வொரு ஒயராக எடுத்து, திரும்ப வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒயர் கொஞ்சம் குட்டையாகும். சாலிடர் ஏறி விறைத்த கம்பி, உறை முடியும் இடத்தில் முறிந்திருக்கும். மேலே ஷ்ரிங்க் டியூப் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, ஒயரை லேசாக இழுத்தால்தான் அகப்படும். மாடல் ரயில் கடை பக்கத்தில் இல்லாத ஊரில், நல்ல டீகோடரைத் தவறாகத் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்ததற்குப் பார்சலை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதுதான் உண்மையான செலவு.

சிவி, அதாவது டீகோடருக்குள் அமைப்புகளைச் சேமிக்கும் எண்கள் விஷயத்தில் இரண்டும் ஒன்றே. சிவி 8-இல் 8 எழுதினால் பல டீகோடர்கள் ரீசெட் ஆகி, வண்டியை அழைக்கும் முகவரி 3-க்கு வந்துவிடும். வண்டி தானாகத் தலைதெறிக்க ஓடினால் சிவி 29-இல் 4-ஐக் கழித்து, டிசியிலும் ஓடும் வசதியை அணைத்துப் பாருங்கள். 6 இருந்தால் 2 ஆக்க வேண்டும்.

கரண்ட் விட்டுவிட்டு வந்தாலும் தாங்கும் ஸ்டே அலைவ் கெப்பாசிட்டர் வேண்டுமென்றால் 8 பின் சாக்கெட் உதவாது. அதற்கென்று பின் கிடையாது, தனி ஒயர் இழுக்க வேண்டும். அங்கே சாலிடருக்கே வெற்றி. சவுண்ட் டீகோடரில் எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

சாக்கெட் மாட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 8 பின் பிளக்கைத் தலைகீழாகவும் செருக முடியும். பெரும்பாலும் எதுவும் கருகாது, ஆனால் வண்டி எதிர்த்திசையில் போகும், விளக்கு எரியாது. ஆரஞ்சு ஒயர் வருகிற பின்தான் 1. சாக்கெட்டில் அந்த மூலையில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.