டிராக்டரா, ஜீரோ டர்னா? உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிகளில் எது எந்த நிலத்துக்கு

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது இரண்டு எண்களை. டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் வெட்டும் பகுதி) எத்தனை அங்குலம், வேகம் எவ்வளவு. நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: உங்கள் நிலத்தில் அதிகச் சரிவான இடம் எது, அங்கே வண்டி சறுக்கினால் எங்கே போய் நிற்கும்? கீழே சமதளமான புல்தரை இருக்கிறதா, குளமா, தடுப்புச் சுவரின் விளிம்பா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் எந்த வகை வண்டி என்பது பாதி முடிவான மாதிரி. இந்த வண்டிகளில் உயிரைப் பறிக்கும் விபத்துகளில் முக்கியமானது கவிழ்வதுதான். நீர்நிலையின் ஓரத்தில் கவிழ்ந்தால் வண்டிக்கு அடியில் சிக்கி மூழ்கும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது.

சந்தையில் முக்கியமாக மூன்று வகை உண்டு. இன்ஜின் முன்னால் இருந்து, ஸ்டீயரிங் பிடித்து ஓட்டும் லான் டிராக்டர் ஒன்று. இன்ஜின் பின்னால் இருந்து, இரண்டு கைப்பிடிகளால் ஓட்டும், நின்ற இடத்திலேயே திரும்பக்கூடிய ஜீரோ டர்ன் இன்னொன்று. மூன்றாவது, சுமார் 30 அங்குல டெக் கொண்ட, பின்னால் இன்ஜின் உள்ள சிறிய ரைடர். நிலம் சின்னது, வாசல் குறுகலானது, வண்டி நிறுத்த இடம் குறைவு என்றால் இந்தச் சிறிய ரைடர் போதும். ஆனால் பெரும்பாலோர் தடுமாறுவது முதல் இரண்டுக்கும் நடுவில்தான்.

சரிவில் இரண்டும் ஒன்றல்ல

ஜீரோ டர்னின் முன் சக்கரங்கள் கடையில் தள்ளிக்கொண்டு போகும் தள்ளுவண்டியின் சக்கரம் போலத்தான். எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்தப் பக்கம் திரும்பும், தானாக எந்தத் திசையையும் பிடித்து வைக்காது. இடது பின்சக்கரத்துக்கு ஒரு ஹைட்ரோஸ்டேட்டிக் டிரைவ் (எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுற்றும் அமைப்பு), வலது பின்சக்கரத்துக்கு இன்னொன்று. இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றுவதால்தான் வண்டி திரும்புகிறது. வேகத்தைக் குறைப்பதும் அதே இரண்டு சக்கரங்கள்தான், பல மாடல்களில் ஓடும்போது மிதிக்கத் தனியாக ஒரு பிரேக் கிடையாது. இதனால் மரங்களையும் பூப்பாத்திகளையும் ஒட்டி அழகாகச் சுற்றி வெட்ட முடிகிறது, சமதளத்தில் நேரம் நிறைய மிச்சமாகிறது. ஆனால் ஈரப் புல்லில், சரிவில், பின்சக்கரங்கள் பிடியை விட்டால் ஓட்டுநருக்குத் திருப்பவும் வழியில்லை, நிறுத்தவும் வழியில்லை. இரண்டும் ஒரே நொடியில் போய்விடும்.

டிராக்டரில் முன்சக்கரங்கள் ஸ்டீயரிங்கோடு இணைந்திருக்கின்றன. பின்சக்கரம் வழுக்கினாலும் திசை ஓரளவு கையில் இருக்கும், மிதிக்க பிரேக் உண்டு. அதற்காக டிராக்டர் சரிவில் பத்திரமானது என்று நினைத்துவிடக் கூடாது. பல வீட்டு டிராக்டர்களில் பிரேக் தனித்தனிச் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸாக்ஸிலில்தான் (கியரும் பின் அச்சும் சேர்ந்த பெட்டி) இருக்கிறது. இரண்டு பின்சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் வழியாக வேலை செய்வதால், ஒரு பின்சக்கரம் பிடி இழந்தால் மற்றதையும் பிரேக்கால் முழுதாக நிறுத்த முடியாது. சக்கரம் வழுக்கத் தொடங்கிவிட்டால் எந்த வண்டியானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பிளேடை நிறுத்திவிட்டு, திருப்ப முயலாமல், மெதுவாக நேராகக் கீழே இறங்குவது. காலைத் தரையில் ஊன்றி வண்டியைத் தாங்கப் பார்ப்பது மனிதருக்கு இயல்பாக வருகிற செயல். அதைக் கட்டாயம் அடக்கிக்கொள்ள வேண்டும், அப்படி ஊன்றிய கால்தான் வண்டிக்கடியில் போகிறது.

உட்கார்ந்து ஓட்டும் வண்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 15 டிகிரி. கிடைமட்டமாக 10 அடிக்குச் சுமார் 2.7 அடி உயர்கிற சரிவு அது. சில ஜீரோ டர்ன் மாடல்களின் கையேடு 10 டிகிரியோடு நிறுத்திக்கொள்கிறது, 10 அடிக்கு ஏறத்தாழ 1.75 அடி. இதைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம், கண் ஏமாற்றிவிடும். நேரான பலகை ஒன்றைச் சரிவில் கிடத்தி, அதன் மேல் போனில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியை வைத்தால் டிகிரி தெரிந்துவிடும். இன்னொரு பழைய சோதனையும் உண்டு. பிளேடை ஓடவிடாமல், வண்டியை ரிவர்ஸில் அந்தச் சரிவில் ஏற்ற முடியவில்லை என்றால் அங்கே அந்த வண்டியால் வெட்டக் கூடாது.

டிராக்டரைச் சரிவில் மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும், குறுக்காக அல்ல. வண்டியின் நீளத்தைவிட அகலம் குறைவு, அதனால் பக்கவாட்டில் சாய்வது எளிது. (பின்னால் நடந்து தள்ளும் புல்வெட்டிக்கு இது நேர் எதிர், அதைக் குறுக்காகத் தள்ள வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறுகிறவர்கள் இதில் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்.) ஜீரோ டர்னுக்கு எந்தத் திசை என்பது மாடலுக்கு மாடல் வேறுபடுவதால் அந்த வண்டியின் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் சட்டம். பள்ளம், சுவர் விளிம்பு, நீர்க்கரை ஆகியவற்றிலிருந்து குறைந்தது வண்டியின் இரண்டு மடங்கு அகலம் விலகி நிற்க வேண்டும். அந்தப் பட்டையைக் கையால் தள்ளும் இயந்திரத்தாலோ ட்ரிம்மராலோ வெட்டிக்கொள்ளலாம்.

ஸ்டீயரிங் வைத்த ஜீரோ டர்ன்களும் வந்திருக்கின்றன. அவற்றில் முன்சக்கரங்களும் திரும்பும், அதனால் சரிவில் கட்டுப்பாடு கைப்பிடி மாடலைவிட மேல். கொஞ்சம் மேடு பள்ளமும் நிறைய மரங்களும் சேர்ந்த நிலத்துக்கு இதுதான் என் தேர்வாக இருக்கும்.

கவிழ்ந்தால் காக்கும் வளைவுக் கம்பி பெரிய ஜீரோ டர்ன்களில் பலவற்றில் வருகிறது, வீட்டு டிராக்டர்களில் அபூர்வம். கம்பி நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட் கட்டாயம். தாழ்ந்த கிளைக்காக அதை மடக்கினால், மடக்கியிருக்கும் வரை பெல்ட் போடக் கூடாது, ஏனென்றால் அப்போது காக்க எதுவும் இல்லாமல் வண்டியோடு கட்டிப்போட்ட நிலையில் இருப்பீர்கள். வேலை முடிந்ததும் கம்பியை நிமிர்த்த வேண்டும். மடக்கிய நிலையிலேயே வருடக்கணக்கில் ஓடும் வண்டிகள் நிறைய.

ரிவர்ஸும் குழந்தைகளும்

இதில் டிராக்டர் ஒரு படி மேல். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான ஆன்சியின், புல்வெட்டிகளுக்கான பி71.1 தரவிதியை ஒட்டி வரும் டிராக்டர்களில், ரிவர்ஸ் போட்டால் பிளேடு தானாக நின்றுவிடும் ஏற்பாடு உண்டு. வெட்டியே ஆக வேண்டுமென்றால் தனியாக ஒரு சாவியையோ பொத்தானையோ இயக்க வேண்டும். பல ஜீரோ டர்ன்களில் இது இருப்பதில்லை. கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் போதும், பிளேடு சுற்றியபடியே வண்டி பின்னால் வரும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே டிராக்டரை எடுக்கச் சொல்வேன். எடுத்த பிறகு ரிவர்ஸில் வெட்டும் அந்தப் பொத்தானைத் தொடவே வேண்டாம்.

பிளேடு நுனியின் வேகத்துக்கு அதே தரவிதி வைத்திருக்கும் உச்ச வரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி. மணிக்கு ஏறத்தாழ 347 கிலோமீட்டர்! மடியில் குழந்தையை வைத்து ஒரு சுற்று ஓட்டுவதை அன்பாக நினைக்கிறவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அப்படி ஒருமுறை ஏற்றிய குழந்தை அடுத்த முறை இன்ஜின் சத்தம் கேட்டதும் தானாக ஓடி வரும், ஓட்டுகிறவருக்கு முதுகுப் பக்கமாக. இந்த வண்டிகளை 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் ஓட்டக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் அறிவுரை. வெட்டும் நேரத்தில் குழந்தைகள் வீட்டுக்குள், பொறுப்பான ஒரு பெரியவரின் கண் பார்வையில் இருக்க வேண்டும்.

பெட்ரோலா, பேட்டரியா

பராமரிப்பு என்று பார்த்தால் பேட்டரி வண்டி தெளிவாக முந்துகிறது. ஆயில் மாற்ற வேண்டாம், ஏர் ஃபில்டர் வேண்டாம், ஸ்பார்க் பிளக் வேண்டாம், பெட்ரோல் பழசாகி கார்பரேட்டர் அடைக்கிற தொல்லை வேண்டாம். பெட்ரோல் வண்டியில் புது இன்ஜினுக்கு முதல் 5 முதல் 8 மணி நேரத்தில் ஒரு ஆயில் மாற்றம், அப்புறம் பெரும்பாலும் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது வருடம் ஒருமுறை. எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த பெட்ரோல் போடக் கூடாது. ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து சில நிமிடம் ஓடவிட வேண்டும்.

தீ ஆபத்து இரண்டிலும் உண்டு, உருவம்தான் வேறு. பெட்ரோலில் அது நிரப்பும்போது வருகிறது. இன்ஜின் ஆறியபிறகு, திறந்த வெளியில், கேனைத் தரையில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட வாகனத்தின் மேல் கேனை வைத்து நிரப்பினால் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி தட்டலாம். சைலன்சரைச் சுற்றிச் சேரும் காய்ந்த புல் இன்னொரு காரணம், வண்டியை உள்ளே விடுவதற்கு முன் அதைத் தட்டிவிட வேண்டும். பேட்டரி வண்டியில் அடிபட்ட, வீங்கிய, தண்ணீர் புகுந்த லித்தியம் பேட்டரிதான் கவலை. வேறு நிறுவனத்தின் சார்ஜரை மாட்டக் கூடாது, உறைபனிக் குளிரில் சார்ஜ் ஏற்றக் கூடாது, குழாய் வைத்துப் பீய்ச்சிக் கழுவுவதையும் கையேடு அனுமதித்தால்தான் செய்ய வேண்டும்.

பேட்டரி வண்டி அமைதியானது, அது காதுக்கு நல்லது. 85 டெசிபலில் 8 மணி நேரம் வேலை செய்யலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் பின்பற்றும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 91 டெசிபலில் 2 மணி நேரம்தான். பெட்ரோல் வண்டியில் காது மூடி கட்டாயம். ஆனால் இந்த அமைதியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பெட்ரோல் வண்டி ஓடுகிறதா என்பதைக் காது சொல்லிவிடும். பேட்டரி வண்டி உயிரோடு, சத்தமே இல்லாமல் நிற்கும். அடைத்த புல்லை எடுக்கக் குனிவதற்கு முன், பிளேடு நின்றதைக் கண்ணால் பார்த்து, சாவியை உருவிப் பையில் போட்டுக்கொள்வதை வழக்கமாக்க வேண்டும்.

வெட்டிய புல் எங்கே போகிறது

பக்கவாட்டில் வீசுவது உயரமான புல்லுக்கு நல்லது, ஆனால் கல்லையும் அதே வேகத்தில் வீசும். வீசும் வாயின் மேல் இருக்கும் மடக்குத் தடுப்பைக் கழற்றவே கூடாது. மல்ச்சிங் கிட் போட்டால் புல் டெக்குக்குள்ளேயே பொடியாகிக் கீழே விழும், கல் தெறிப்பதும் வெகுவாகக் குறையும். வாரம் தவறாமல் வெட்டுகிறவருக்கு இதுதான் சரி. பின்னால் பை மாட்டுவது பார்க்கச் சுத்தம். ஆனால் பை நிறைய நிறைய எடை பின்பக்கம் கூடி, ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகும். சரிவு இருந்தால் பையை விட்டுவிடலாம், அல்லது முன்னால் எடை கட்ட வேண்டும்.

பிளேடும் டெக்கும்

இதில் பெட்ரோல், பேட்டரி, டிராக்டர், ஜீரோ டர்ன் எல்லாம் ஒன்றே. கைகளை வெட்டுவது ஓடும்போது மட்டுமல்ல, பழுது பார்க்கும்போதும்தான். பெட்ரோல் வண்டியில் சாவியை எடுத்து ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி வைக்க வேண்டும், பேட்டரி வண்டியில் சாவியோடு பேட்டரி இணைப்பையும் துண்டிக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு வைக்க வேண்டும். தடித்த கையுறை போட்டிருந்தாலும் கவனம் வேண்டும்: பல டெக்குகளில் ஒரே பெல்ட் எல்லாப் பிளேடுகளையும் சுற்றுவதால், ஒன்றைத் திருப்பினால் பக்கத்துப் பிளேடும் சுற்றி விரலைப் பிடிக்கும். மரக்கட்டையை அணையாக வைத்துத்தான் போல்ட்டைத் தளர்த்த வேண்டும்.

சுமார் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை தீட்டினால் புல் கிழியாமல் நறுக்காக வெட்டுப்படும். தீட்டிய பிளேடை ஆணியில் மாட்டிப் பார்த்து, ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் தீட்ட வேண்டும். சமநிலை தவறிய பிளேடு அதிர்ந்து, அது சுற்றும் அச்சான ஸ்பிண்டிலின் பேரிங்கைத் தின்றுவிடும். வளைந்த பிளேடை நிமிர்த்துவதோ, விரிசலை வெல்டிங் வைப்பதோ வேண்டவே வேண்டாம், புதிது வாங்குங்கள். டயர் காற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் குறைந்தால் டெக் சாயும், வெட்டும் சாயும், சரிவில் வண்டியும் அந்தப் பக்கம் சாயும்.

பழைய வண்டி வாங்குவதென்றால்

பழையதில் பணம் மிச்சமாகும், ஆனால் முந்தைய ஓட்டுநர் தன் வசதிக்காக எதைக் கழற்றினார் என்று பார்க்க வேண்டும். ஓட்டுநர் எழுந்தால் பிளேடை நிறுத்தும், சீட்டுக்கு அடியில் உள்ள சுவிட்சின் ஒயர்களை ஒன்றாக முறுக்கி விட்டிருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். அப்புறம் சமதளத்தில், ஆளில்லாத இடத்தில், பார்க்கிங் பிரேக் போட்டு, பிளேடை ஓடவிட்டு, உட்கார்ந்தபடியே சீட்டிலிருந்து லேசாக எழுந்து பாருங்கள். ஆன்சி விதிப்படி 5 நொடிக்குள் பிளேடு நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அதைச் சரிசெய்யும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள், சரிசெய்யும் வரை ஓட்டாதீர்கள். ஹைட்ரோஸ்டேட்டிக் வண்டியில் பின்னால் ஒரு சின்ன பைபாஸ் லீவர் இருக்கும், கையால் தள்ளிப் போவதற்கு. அது விடுபட்ட நிலையில் இருந்தால் டிரைவ் பிடிக்காது, சரிவில் வண்டி தானாக உருளும். வாங்கி ஏற்றும் முன் அதைப் பூட்டிவிடுங்கள். ஏற்றும்போது வண்டியின் முழு அகலத்துக்கும் ஒரே பலகையாக உள்ள சாய்தளம் வேண்டும், சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு பலகை போதாது. ஜீரோ டர்ன் என்றால் ஏற்றும்போது ரிவர்ஸில், இறக்கும்போது முன்னோக்கி ஓட்ட வேண்டும்.